சுப்புராயனைத் திருப்பிய நேரங்கள்

ஏழாம் எண் கட்டிலில் யாரும் இல்லை. ஆனாலும் விரிப்பு நடுவில் குழிந்திருந்தது.

"இன்னா சிஸ்டர், யாராச்சும் இதுல படுத்துகினாங்களா? இப்பத்தான் இழுத்துச் சொருவிட்டுப் போனேன்," என்றாள் ஆயா வசந்தி. மறுபடி இழுத்துச் செருகினாள். "நாளிக்கு செக்கிங் வர்றவங்க கட்டிலுக்கு அடியில குனிஞ்செல்லாம் பாப்பாங்களாமே? எனக்கு இன்னா பயம், எம்பேரு எந்தப் பேப்பர்லயும் கிடையாது." வாளியோடு இறங்கிப் போனாள்.

நர்ஸ் டயானா மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். மந்தைவெளியில் ஒரு சின்ன மருத்துவமனையின் மூன்றாம் மாடி. மாலை நான்கு மணிதான். மழை இருட்டுக்குக் குழல்விளக்குகள் எரிந்தன. எதிரே ஏழாம் கட்டில் அறை, கதவு திறந்தபடி. முன்னால் சுப்புராயனின் கோப்பு. தி.நகர் ஜவுளிக்கடையில் நாற்பது வருடம் நின்றே வேலை பார்த்த மனிதர், போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டிலில் படுத்தே செத்தார். கொண்டுவந்து சேர்த்தது பக்கவாதம். கொன்றது படுக்கைப் புண்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, நேரம், பக்கம், தோலின் நிலை மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி மூன்று நாளும் பகல் வரிகள் காலி. மூன்று பகலும் டயானாவின் முறை.

தொண்ணூறு கிலோ உடம்பு. திருப்ப இரண்டு பேர் வேண்டும். பதினாலு கட்டிலுக்கு அவள் ஒருத்தி. பட்டினப்பாக்கத்தில் அம்மாவோடு மீன் கூடை சுமந்து வளர்ந்த தோள்தான். ஆனால் கூடை முனகாது. "தாயி, கொஞ்சம் ஒருக்களிச்சு விடு தாயி," என்பார் அவர். "தோ வந்துட்டேன் தாத்தா," என்பாள். போனதில்லை.

தரப்பிரிவு மேலாளர் மகேஷ் நாலைந்து பேனாக்களை மேசையில் போட்டார். "இன்னும் ஆரம்பிக்கலையா? காலியா இருந்தா மாட்டுறது ஆஸ்பத்திரி இல்லம்மா, நீ. லைசென்ஸ் போயிரும். பதினெட்டே வரி. ஒரே பேனாவுல எழுதித் தொலைக்காத, மாத்தி மாத்தி எழுது."

"நான் திருப்பவே இல்ல சார்."

"அது எனக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரிய வேணாம்."

அவர் போனதும் எழுதினாள். காலை எட்டு. இடப்பக்கம். தோல் நலம். கையெழுத்து.

எதிர் அறையில், ரெக்சின் மெத்தையில் ஒட்டிக்கிடந்த வியர்வை முதுகு மெல்லப் பிய்ந்து எழும்போது வருமே, அந்த ஓசை வந்தது; பின்னாலேயே, கதவு வழியாக, பினாயிலைத் தாண்டிக்கொண்டு, வெயிலில் மறந்துபோன இறால் கூடையைத் திறந்தது போன்ற அந்த நாற்றம்.

மழை ஈரம், என்று சொல்லிக்கொண்டாள். பேனாவை மாற்றினாள். பத்து மணி. வலப்பக்கம். தோல் நலம்.

கட்டிலின் இரும்புக் கால் தரையை உரசியது.

எழுந்து போய்ப் பார்த்தாள். விரிப்பு வலப்பக்கம் பள்ளமாகக் கிடந்தது. தோள். இடுப்பு. குதிகால். மூன்றும் தனித்தனியாக.

திரும்பி வந்து பேனாவைக் கீழே வைத்தாள். திருப்பவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அதோடு வெள்ளைச் சீருடையும் போகும். மறுபடி மீன் கூடை. அம்மாவின் வெடிப்பு விழுந்த குதிகால்கள் ஞாபகம் வந்தன.

பேனாவை எடுத்தாள்.

பன்னிரண்டு. இடப்பக்கம். தோல் நலம். அப்போதுதான் கவனித்தாள். அறையிலிருந்து வந்த நாற்றம் கொஞ்சம் குறைந்திருந்தது. இரண்டு மணி, தோல் நலம். இன்னும் குறைந்தது. ஒருவேளை இதைத்தான் கேட்கிறாரோ? இப்போதாவது திருப்புகிறாளே என்று ஆறுகிறாரோ? வேகமாக எழுதினாள். கண்ணில் நீர் முட்டியது. பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு வியர்த்து ஒட்டியது, பொருட்படுத்தவில்லை. தோல் நலம். பேனா மாற்றம். தோல் நலம்.

பதினாறு. பதினேழு. அறையில் சத்தமே இல்லை.

பதினெட்டு. கையெழுத்து.

லைசென்ஸ் பிழைத்தது.

மூச்சு விட்டாள். உள்ளே இழுத்தாள்.

நாற்றம் போகவில்லை. அறையிலும் இல்லை. வெகு அருகில்.

எழப் பார்த்தாள். முடியவில்லை. நாற்காலி முதுகோடு சேர்ந்து வந்தது. கையைப் பின்னால் கொண்டுபோனாள். இடுப்புக்குக் கீழே சீருடை நனைந்து கொழகொழத்தது. வலி இல்லை. துளியும் இல்லை. துணி இருந்தது. துணிக்கு அடியில் இருக்க வேண்டியது இல்லை. விரல் வெதுவெதுப்பாக உள்ளே போனது.

இரண்டாம் கணு வரை.

விரல்நுனியில் எலும்பு தட்டியது.