புகார்ப் பிரிவு அதிகாரியின் முகம்

மதியம் இரண்டரைக்கு அவன் போனில் சிக்னல் போனது. திரையின் மூலையில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்து கடைசிக் கோடும் மறைந்தபோது, வங்கியின் மோசடிப் புகார்ப் பிரிவில் பதினோரு வருடமாகத் தலைமை அதிகாரியாக இருப்பவனுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. காய்ச்சலுக்கு லீவு போட்டுப் படுத்திருந்தான். நாக்கில் மாத்திரைக் கசப்பு, மூக்கில் வியர்த்த தலையணையின் புளித்த வாடை, தலைக்கு மேலே மாடியில் அக்காவின் தையல் மிஷின் விட்டுவிட்டு ஓடும் சத்தம்.

"தண்டக் கம்பெனி," என்று போனைக் கட்டிலில் எறிந்தான்.

ஏமாந்தவர்களைக் கண்டாலே அவனுக்கு இளக்காரம். ஓடிபியைச் சொல்லிவிட்டு ஓவென்று அழுகிறவர்களைக் கிண்டலடித்து இருநூறு வீடியோ போட்டிருந்தான். தொடரின் பெயர் 'அறிவை அடகு வெச்சவங்க'. அவன் முகம், குரல், பிறந்தநாள் கேக், படித்த பள்ளி, மாடியில் இருக்கும் அக்கா என்று சகலமும் அவற்றில் உண்டு. பார்க்கிறதெல்லாம் முட்டாள் கூட்டம், அந்தக் கூட்டத்தால் என்ன செய்துவிட முடியும்?

லேப்டாப்பைத் திறந்தான். மெயில் பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி அடித்தான். தவறு. ஒன்பது நிமிடம் முன்னால் மாற்றப்பட்டுவிட்டதாம்.

லேண்ட்லைனில் தன் பிரிவுக்கே அடித்தான். அவனிடம் வேலை பழகிய பெண் எடுத்தாள்.

"நான்தான்மா. என் கணக்கை உடனே முடக்கு."

"பிறந்த தேதி, தாயார் பேரு சொல்லுங்க."

சொன்னான்.

"தாயார் பேரு தப்புங்க."

"எங்கம்மா பேரு எனக்குத் தெரியாதா? என் குரல்கூடவா தெரியல உனக்கு?"

"சார் இப்பத்தான் அடுத்த லைன்ல பேசினாரு. தன் குரல்லயே ஒருத்தன் கூப்பிடுவான், நம்பாதேன்னாரு." அவள் சிரித்தாள். புகார் சொல்ல வருகிறவர்களிடம் அவன் சிரிக்கும் அதே சிரிப்பு. "வேற பொழப்பு இல்லையா உங்களுக்கு?"

வைத்துவிட்டாள்.

மாடியில் மிஷின் ஓடவில்லை. யாரோ பேசுகிறார்கள். ஆண் குரல்.

கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் படியேறினான். பாதி தூரத்தில் வார்த்தைகள் பிடிபட்டன. அவன் குரல்தான். காய்ச்சல் கரகரப்புகூட இருந்தது.

"நம்பர் வந்திருக்கும், படி அக்கா. இதுகூடவா சொல்லித் தரணும்?"

அக்கா தடுமாறித் தடுமாறி எண்களைப் படித்தாள். கண் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம். இருபது வருடம் மிஷின் மிதித்துச் சேர்த்தது.

கதவை அறைந்தான். "அக்கா! சொல்லாதே! அது நான் இல்ல!"

சங்கிலி போட்ட கதவு கொஞ்சம் திறந்தது. புரை விழுந்த கண் அவனை மேலும் கீழும் பார்த்தது. பயமே இல்லை. அருவருப்புதான்.

"என் தம்பி எங்கிட்ட பேசிட்டிருக்கான். ச்சீ, போய்யா அந்தப் பக்கம்."

போனை அவன் பக்கம் திருப்பினாள்.

அவன் முகம். அவன் இப்போது போட்டிருக்கும் அதே நனைந்த பனியன். பின்னால் அவன் கட்டில். கசங்கிய போர்வை. திறந்து கிடக்கும் அவன் கதவு.

திரையில் இருந்த அது அவனைப் பார்த்தது. உதடு லேசாகக் கோணியது. எழுந்தது. கதவை நோக்கி நடந்தது.

தாழ்ப்பாள் விழுந்தது. சத்தம் போனில் கேட்டது.

கீழேயும் கேட்டது.