மேலே வந்த நீல டிரம்!

டிரிங்... டிரிங்...

மேஜைக்கு அடியில் பதுங்கியிருந்த துறைமுக சேர்மன் கையை மட்டும் நீட்டி செல்போனை எடுத்தார். பூமி ஆடி ஓய்ந்துவிட்டது. அவர்தான் இன்னும் வெளியே வரவில்லை.

"யாரு?"

"க்ரேன்லேர்ந்து பேசறேன் சார்... யார்டுல தரை பிளந்து சேறும் தண்ணியுமா பொங்குது!"

குரல் அடையாளம் தெரிந்தது. க்ரேன் ஓட்டுகிறவள். துறைமுகத்து மண்ணைப் பரிசோதித்த இன்ஜினியரின் மனைவி. மூன்று வருஷத்துக்கு முன் அந்த இன்ஜினியர் காணாமல் போனபோது, 'எவளையோ இழுத்துக்கிட்டுக் கப்பலேறிட்டான்' என்று கதை கட்டியவர் சேர்மன். பாவமாச்சே என்று அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தவரும் சேர்மன். மனுஷருக்கு அவ்வளவு இளகிய மனசு!

"பொங்கினா பம்ப்பு போடச் சொல்லு. என்னை ஏன் கூப்பிடறே?"

"அது இல்ல சார்... மண்ணுக்குள்ளேர்ந்து பெருசா ஒண்ணு மேல வந்து கிடக்கு. நாத்தம் குடலைப் புடுங்குதாம்..."

சேர்மன் மேஜையில் தலை இடிக்க எழுந்தார்.

"டி... டிரம்மா? நீல டிரம்மா?"



"போலீஸுக்குச் சொல்லிடட்டுமா சார்?"

"வேணாம்! எல்லாரையும் வெளியே போகச் சொல்லு! நானே வரேன்!"

ஓடினார்.

வாசலில் கணுக்கால் அளவு சேறு. தரையில் ஓட்டை ஓட்டையாக மணல் கொப்பளித்தது. செத்த இன்ஜினியர் அன்றைக்குச் சொன்னது காதைக் குடைந்தது.

'கடலைத் தூர்த்த மணல் சார் இது. கடல்மட்டம் வருஷா வருஷம் ஏறுது. அடியில எல்லாம் ஊறிக் கிடக்கு. ஒரு நடுக்கம் வந்தா கூழாயிடும்... பொதைச்சதெல்லாம் மிதந்து மேல வரும். கரை உடைஞ்சா பக்கத்துக் குடியிருப்பே வெள்ளத்துல போயிடும். வேலையை நிறுத்துங்க.'

'நிறுத்தலைன்னா?'

'பேப்பர்காரங்ககிட்டப் போவேன்.'

போகவில்லை. அன்றே டிரம்முக்குள் போனான்.

"பாவி... சொன்ன மாதிரியே மேல வந்துட்டியேடா!"

சேர்மன் கிடங்குகளைத் தாண்டி, பழைய எடைமேடைக்குப் பின்னால் போய் மூச்சிரைக்க நின்றார்.

திகைத்தார்.

காய்ந்த கான்கிரீட். ஒரு கீறல்கூட இல்லை. டிரம்மும் இல்லை!

உயிர் வந்தது. சிரிப்பே வந்துவிட்டது.

சட்டென்று அவரைச் சுற்றி நிழல் விழுந்தது.

நிமிர்ந்தார். தலைக்கு நேர் மேலே... க்ரேனில் தொங்கியது ஒரு கண்டெய்னர்!

செல்போன் அடித்தது.

"அசையாதீங்க சார். இந்த லீவரைத் தட்டினா போதும், கூழாயிடுவீங்க."

"ஏய்... டிரம் எங்கேடி?"

"எந்த டிரம்? பெருசா ஒண்ணுன்னுதானே சொன்னேன்! டிரம்முன்னு சொன்னது நீங்க. எந்த இடம்னும் நான் சொல்லலை. நேரா இங்க வந்து நின்னதும் நீங்க!"

சேர்மன் தலைக்கு மேலே கையைத் தூக்கிக்கொண்டார்.

"ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு ஊரே சிரிச்சுது சார். அப்பா போட்டோவை என் பொண்ணே கிழிச்சுப் போட்டா. ஒரு நடுக்கம் வராதா, வராதான்னு இந்தக் க்ரேன் கூண்டுக்குள்ளேயே வெந்துக்கிட்டிருந்தேன்..."

கண்டெய்னர் ஒரு முழம் இறங்கியது. சேர்மன் அலறினார்.

"அண்ணி, வேணாம்! அண்ணனை எடுக்கணும்!"

அண்ணியோடு பேசி வைத்தபடி கிடங்குக்குப் பின்னால் காத்திருந்த ஜீப்பிலிருந்து குதித்தார் இன்ஸ்பெக்டர். செத்தவனின் தம்பி. பின்னாலேயே பொக்லைன்.

கண்டெய்னர் அப்படியே நின்றது. மெல்ல விலகியது.

இன்ஸ்பெக்டர் சேர்மன் கையில் விலங்கை மாட்டிவிட்டு, பூட்ஸால் தரையைத் தட்டிப் பார்த்தார்.

"இந்தத் துறைமுகத்துலேயே சிமெண்ட்டு ஒழுங்காப் போட்ட இடம் இது ஒண்ணுதான் அண்ணி!"

சேர்மன் வெறிபிடித்தவர் போலக் கத்தினார். "ஒண்ணும் மேல வரலை! உன் புருஷன் ரிப்போர்ட் பொய்டி! இந்தத் தரை பிளக்கவே இல்ல!"

செல்போனில் அவள் சிரித்தாள். அழுகையும் கலந்த சிரிப்பு.

"அப்புறம் ஏன் சார் ஓடி வந்தீங்க? எங்க வீட்டுக்காரர் ரிப்போர்ட்டை இங்கே முழுசா நம்பின ஒரே ஆளு... நீங்கதான்!"