கடைசி வழி

கடமலைக்குண்டு என்று பலகை போட்ட பேருந்து, கோம்பையில் பெனடிக்ட்டின் சந்துக்குள் வந்து நின்றது. ஆட்டோவே திரும்ப முடியாத சந்து அது. டீசல் புகையும் யார் தலையிலோ வாடிய மல்லிகையின் வாசமும் ஜன்னல் வழியாகக் கலந்து வந்தன. எஞ்சின் அணைந்த பிறகும் ஒருவரும் இறங்கவில்லை, தெருநாய் ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

பெனடிக்ட் மடிக்கணினியைப் பார்த்தான். பலகையில் இருந்த ஊர்ப் பெயரை அதில் இப்போதுதான் அழித்திருந்தான்.

தேனி அலுவலகத்தில் அவனுக்கும் கர்ணனுக்கும் ஒரே வேலை. நெட்வொர்க்கில் தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவுசெய்யும் மென்பொருள். பெனடிக்ட் வழிகளை நீளமான பட்டியலாக எழுதினான். கர்ணன் மரமாக எழுதினான்: கிளைக்கு ஓர் ஊர், ஒவ்வொன்றிலும் அடுத்து எங்கே போவது என்பது மட்டும். மரம் வேகமாக ஓடியது. பட்டியலைத் தூக்கிப் போட்டார்கள். மனைவி ரீட்டாகூடச் சோறு போடும்போது மரத்தைப் பற்றித்தான் கேட்டாள். கணவனின் பட்டியலைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

சோதனைக்கு உள்ளூர்ப் பெயர்களையே வைப்பார்கள். கடமலைக்குண்டு கர்ணனின் ஊர். மரத்தில் இல்லாத ஊருக்குப் போகிற எதுவும் கடைசி வழிக்கு வரும். அதற்குக் கர்ணன் ‘பெனடிக்ட் வீடு’ என்று பெயர் வைத்தான். போக்கிடம் இல்லாததெல்லாம் அங்கன போகட்டும் என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான். நாளை வாடிக்கையாளர் முன்னால் மரம் தப்பாக ஓடி, கர்ணன் திருதிருவென விழிக்க வேண்டும். அதற்காகத்தான் பெனடிக்ட் கடமலைக்குண்டுக் கிளையை வெட்டினான்.

செல்பேசி அடித்தது. கர்ணன்.

“ஏலே, வீட்டுக்குத்தான் கெளம்புனேன். கண்டமனூரு தாண்டுனா ஒங்க ஊரு வருது. திரும்பிப் போனேன். மறுபடியும் ஒங்க ஊருதான்.” மூச்சு வாங்கினான். “புள்ளைக்குக் காய்ச்சல்டா. மருந்து எங்கிட்ட இருக்கு.”

அந்தக் குரலின் நடுக்கம் பெனடிக்ட்டுக்கு இனித்தது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டு ரசித்தான். பிறகுதான் கிளையை மறுபடி சேர்த்தான்.

அடுத்து எங்கே என்ற இடத்தில் தானாக விழுந்தது: பெனடிக்ட் வீடு.

அழித்தான். சரியான ஊரை அடித்தான். பெனடிக்ட் வீடு.

வெளியே பைக்குகள். ஒரு பால் வேன். ஆடுகள். காலடிகள். பேச்சே இல்லை.

ரீட்டா தாழ்ப்பாளை எடுத்தாள். “யாரோ வந்திருக்காக.”

கர்ணன். கையில் மருந்து பாட்டில். கண் இமைக்கவில்லை. உள்ளே வந்தான். அவன் பின்னால் ஒரு பெண். ஒரு கிழவர். அவர் பின்னால் பேருந்து முழுதும்.

கூடம் நிறைந்தது. சமையலறை நிறைந்தது. பெனடிக்ட்டின் முதுகு சுவரில் அழுந்தியது. ரீட்டாவைக் காணவில்லை.

வரிசை நிற்கவில்லை.