கையில் கொடுத்த புத்தகம்

திங்கட்கிழமையே பலகை வைத்து ஆணியடித்து மூடிய பெட்டிக்குள் ஒரு புத்தகம் விழுந்த சத்தம் கேட்டது.

யசோதினி தலையை நிமிர்த்தினாள். மாணவர்கள் வெளியே நின்றபடியே புத்தகங்களைத் திருப்பிப் போடுவதற்கான பெட்டி அது. சுவரில் நீளமாக ஒரு வாய், உள்பக்கம் கதவு வைத்த ஆளுயர மரப்பெட்டி. பல்கலைக்கழக நூலகம் புதிய தேடல் முறைக்கு மாறி முடியும்வரை யாரும் எதையும் போடக்கூடாதென்று, அவளே பக்கத்தில் நின்று அந்த வாயை அடைக்கவைத்திருந்தாள். இப்போது பிற்பகல் மூன்றரை மணி. ஹந்தானை மலைப் பக்கமிருந்து இறங்கிய மூட்டம் கண்ணாடி ஜன்னல்களை வெள்ளையாக்கி விட்டிருந்தது. கூரைத் தகரத்தில் மழை விடாமல் கொட்டியது. வெறுமையான மேசைகளுக்கு மேலே பழைய தாள்களின் புளித்த வாடையும், புதிதாக ஒட்டிய பட்டைக்கோட்டு ஸ்டிக்கர்களின் பசை வாடையும் கலந்து நின்றன.

"றிப்தா, ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சா?"

எதிர்க் கணினியில் இருந்த றிப்தா நிமிரவில்லை. "இந்த மழையில என்னத்த கேக்கிற மிஸ்? இங்க பாருங்க, ஒரே ஒரு பேர் மட்டும் புது சிஸ்டத்துக்குப் போகாம தொங்கிட்டு ஈக்கிது. மோகனராஜ். மடுல்கெல்லத் தோட்டம். போன வருஷம் மண்சரிவுல போன புள்ளதானே?"

யசோதினியின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

"புத்தகம் ஒண்டு இன்னும் அவர்ட பேர்ல ஈக்கிது" என்றாள் றிப்தா. "அவங்கட அம்மா பட்டச் சான்றிதழ் கேட்டு ரெண்டு தரம் வந்தாங்களாம். மகன்ட படத்துக்குப் பக்கத்துல மாட்டி வைக்கணுமாம். புத்தகப் பாக்கி இல்லையெண்டு நாங்க கிளியரன்ஸ் குடுக்காம ஒபீஸ்ல குடுக்க மாட்டாங்களே. புத்தகம் ஈக்கா, இல்லையா? ஒண்டச் சொல்லுங்க. 'மாணவர் தொலைத்தார்' எண்டு போட்டா இது முடிஞ்சிரும். ஆனா அந்தம்மாக்கு ஒண்டும் கிடைக்காது."

புத்தகம் இருந்தது. கீழ்மாடியில், யாரும் திறக்காத பழைய நூற்பட்டியல் அட்டை அலுமாரிக்குப் பின்னால், நீல அட்டை சுவரைப் பார்க்க. அங்கே வைத்தவளே யசோதினிதான்.

நீண்ட விடுமுறைக்கு முந்திய நாள் அது. கவுண்டரில் கூட்டம் முண்டியடித்தது. அப்படிப்பட்ட நாட்களில் புத்தகங்களைக் கையில் வாங்கி வைத்துவிட்டுப் பிறகு பதிவதுதான் வழக்கம். விவரம் தெரிந்த பிள்ளைகள் ரசீதுத் துண்டு எழுதி வாங்காமல் நகரமாட்டார்கள். மோகனராஜ் கேட்கவில்லை. "நம்ம தோட்டத்து அக்காதானே, துண்டு எதுக்குடா" என்று கூட வந்தவனிடம் சொல்லிச் சிரித்தான். அவளுக்கு முகம் எரிந்தது. தானும் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக் காம்பிராவில் பிறந்தவள் என்பது இந்த நூலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கண்டி டவுன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

கூட்டத்தில் எங்கோ வைத்து மறந்தாள்; புத்தகம் பதியப்படவில்லை. கிளியரன்ஸ் கிடைக்காமல் அவன் திரும்பி வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "அக்கா, ஒங்க கையிலதானே குடுத்தேன்?" என்றான். அந்த 'அக்கா' காதில் விழுந்ததும் அவள் சிங்களத்தில் பதில் சொன்னாள். மட்ட துன்னே நே. என்னிடம் தரவில்லை. தமிழே தெரியாதவள் மாதிரிச் சொன்னாள்.

அவன் மறுபடி வந்தபோது அவளுக்கு உண்மை தெரியும். இரண்டு நாட்களுக்கு முன்புதான் தன் அலுமாரியில், மழைக்கோட்டுக்கு அடியில் அதைக் கண்டெடுத்திருந்தாள். கிடைத்துவிட்டது என்று சொன்னால் நூலகர் என்ன நினைப்பார், பதவி உயர்வு என்னாகும் என்று யோசித்தாள். அதே சிங்கள வார்த்தைகளைச் சொன்னாள். அவன் கொட்டுகிற மழையில் பஸ் ஏறினான். பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துப் பாதையில் நடக்கும்போது மேடு சரிந்தது. மூன்று நாள் தோண்டினார்கள். அவனுடைய பை கிடைத்தது. அவன் கிடைக்கவேயில்லை.

சொல்லிவிடலாம். இப்போதுகூடச் சொல்லிவிடலாம். இருக்கிறது என்ற ஒரு சொல் போதும், அந்தத் தாய்க்குச் சுவரில் மாட்ட ஒன்று கிடைக்கும்.

"தொலைச்சிட்டாரு" என்றாள் யசோதினி. "அப்படியே போடுங்க."

றிப்தா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். "நல்லாத் தெரியுமா மிஸ்?"

"தெரியும்."

றிப்தா பொத்தானை அழுத்தினாள். பிறகு சால்வையைத் தலையில் இழுத்துக்கொண்டு எழுந்தாள். "அஸர் தொழுதுட்டு வாறேன்."

அவளுடைய செருப்புச் சத்தம் படிக்கட்டில் இறங்கித் தேய்ந்தது. தன்னையே காறித் துப்பலாம்போல இருந்தது யசோதினிக்கு.

பெட்டிக்குள் மறுபடியும் ஏதோ விழுந்தது. இந்தத் தடவை ஈரமாக, கனமாக.

பசை வாடைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை எழுந்தது. அவளுக்குத் தெரிந்த வாடைதான். மேடு உடைந்த மறுநாள் லயத்துக்கு வெளியே நிற்கும் வாடை. பச்சை மண், அறுந்த தேயிலை வேர், தேங்கிய தண்ணீர்.

மேசையில் கிடந்த ஸ்கேனர் தானாக ஒருமுறை கீச்சிட்டது. திரையில் மோகனராஜின் பெயர் வந்தது. அதன் கீழே ஒரு வரி.

புத்தகம் பெறப்பட்டது. பெற்றவர்: யசோதினி.

அவள் அதை அழித்தாள். வந்தது. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. அப்போதும் அவள் திரும்பிப் பார்த்தது படிக்கட்டைத்தான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, றிப்தா வந்து இந்த வரியைப் படித்துவிடுவாளே என்பதுதான் அவளை உலுக்கியது. பெட்டிக்குள் விழுந்தது அந்தப் புத்தகமாகத்தான் இருக்கும்; அதை எடுத்து ஒளித்துவிட வேண்டும். அவள் வருவதற்குள்.

பெட்டிக் கதவின் அடியில் சிவப்பாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது.

கொண்டியைத் தூக்கினாள். கதவு திறந்தது.

மண். பெட்டி முழுக்க மண். மேலிருந்து கீழ்வரை சிவந்த, ஈரமான, திணித்து அடைத்த மண். கதவு திறந்தும் அது சரியவில்லை. நடுவில் நீல அட்டையின் ஓரம் மட்டும் தெரிந்தது.

கையை உள்ளே விட்டாள். முழங்கை வரை குளிர்ந்தது. இழுக்கத் தேவையிருக்கவில்லை. யாரோ உள்ளிருந்து புத்தகத்தை நகர்த்தி, அவள் உள்ளங்கையில், மரியாதையாக வைத்தார்கள்.

பிறகு விரல்கள். ஐந்து விரல்கள். மணிக்கட்டைச் சுற்றி.

அவை இழுக்கவில்லை. நெரிக்கவில்லை. கவுண்டரில் பதிலுக்காகக் காத்து நிற்பவனைப்போலப் பிடித்துக்கொண்டிருந்தன.

"அக்கா." மண்ணுக்குள்ளிருந்து. காதுக்கு மிகப் பக்கத்தில். "ஒங்க கையிலதானே குடுத்தேன்?"

படிக்கட்டில் செருப்புச் சத்தம். றிப்தா ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"மட்ட துன்னே நே" என்றது யசோதினியின் வாய். அவள் நினைப்பதற்கு முன்பே.

விரல்கள் இறுகின. தோள்வரை உள்ளே போனாள். கன்னம் மண்ணில் பதிந்தது.

"அக்கா. ஒங்க கையிலதானே?"

"யா அல்லாஹ்! மிஸ்!" கணினி மேசையருகே றிப்தா நின்றாள். தலையில் சால்வை, முகத்தில் தொழுகைக்குக் கழுவி வுழூச் செய்த ஈரம். திரையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். "என்ன மிஸ் இது? அந்தப் புத்தகம் ஈக்கா?"

சொல்லிவிடுவோம். எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம். ஆமா, என் கையில்தான் குடுத்தான். நானும் மடுல்கெல்லதான். அவன் அம்மாவிடம் சொல்லுங்க.

யசோதினி அவள் பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறந்தாள்.

மண் விழுந்தது. சிவந்த ஈர மண், தேயிலை வேரோடு, அவள் வாயிலிருந்து கட்டி கட்டியாக, நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே அந்தக் கை பதிலுக்காகப் பிடித்தபடியே இருந்தது.