மருந்துக்கு வந்த அரிவாள்

"அய்யோ...!"

கம்பவுண்டர் அற்புதராஜின் அலறல் டிஸ்பென்சரியையே உலுக்கியது. தோளில் அரிவாள் இறங்க, மருந்து மேஜையோடு சரிந்தான். தரையெல்லாம் கண்ணாடி... ரத்தம்!

நர்ஸ் ரோசி கத்த வாயெடுத்தாள். விழுந்து கிடப்பவன் அவள் புருஷன்.

"கத்துனே... அடுத்த வெட்டு இவன் கழுத்துல!"

கைலாசம்! பத்து நாளைக்கு முன் மேட்டூரில் ராசம்மாள் என்பவளை நெரித்துக் கொன்றுவிட்டுத் தலைமறைவானவன். சாகும்போது அவள் கடித்த கடி, அவன் இடது மணிக்கட்டில் சீழ் கட்டி நாறியது.

"தெனம் ஒரு பென்சிலின் போட்டாச்சு. கேக்கலே! கையையே எடுக்கோணுங்கறானுவ!"

"கிருமிக்குப் பென்சிலின் பழகிருச்சுங்க. ஒரு ஊசி, ஒரு காப்ஸ்யூல்... ரெண்டு மருந்தும் சேர்ந்து போகணும். ஒண்ணு மட்டும் போனா தப்பிச்சுக்கும்."

"ஆரு, நானா?"

"கிருமிங்க!"

அலமாரியைத் திறந்து காப்ஸ்யூலை நீட்டினாள். அவன் கண்கள் சுருங்கின.

"மயக்க மாத்திரையா? ஏம்மா, என்னையப் பார்த்தா கேனையனாட்டத் தெரியுதா? மொதல்ல நீ முழுங்கு!"

விழுங்கினாள்.

அவள் முகத்தையே முறைத்தபடி நின்றான் கைலாசம். ஐந்து நிமிஷம்! தரையில் அற்புதராஜின் முனகல் தேய்ந்துகொண்டே போனது...

"எனக்கு ஒண்ணும் ஆகலீங்களே... சீக்கிரம்ங்க!"

அவனும் விழுங்கினான்.

ரோசி பொடியை நீரில் கலக்கி ஊசியில் ஏற்றினாள். அரிவாள் பிடித்த கையையே நீட்டினான். அரிவாள் முனை அவள் வயிற்றில் அழுந்தியது.

"நரம்புல போடு. அதான் சுருக்கா புடிக்கும்."

"ஆமாங்க. ரொம்பச் சுருக்கா!"

பாதி மருந்து இறங்கியது.

"என்றா இது... வாயெல்லாம் பூண்டு வாசம்..."

டமால்!

அரிவாள் விழுந்தது. பக்கத்திலேயே கைலாசமும்! சந்தேகத்துக்கு, குளுக்கோஸ் ஸ்டாண்டால் அவன் மண்டையில் ஒன்று போட்டாள். மண்டை உடைந்து ரத்தம் வந்தது. பிறகுதான் புருஷனின் தோளைத் துணியால் இறுக்கிக் கட்டி, தெருவைக் கூப்பிட்டாள்.

அற்புதராஜ் பிழைத்தான். தையல் போடும்போதே ஜீப்பில் வந்து இறங்கினார் இன்ஸ்பெக்டர் மருதாசலம்.

"காப்ஸ்யூல்ல மயக்க மருந்து கலந்தியாம்மா?"

"அது அசல் மருந்துங்க. ஊசியிலதான் ஆபரேஷனுக்கு வெச்சிருந்த மயக்க மருந்து. நரம்புல ஏறினதும் வாயில பூண்டு வாசம் வரும், உடனே ஆள் விழுந்துருவான். மாத்திரைன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க சார். ஊசின்னா கையை நீட்டிருவாங்க!"

மண்டையில் கட்டு, கையில் விலங்கோடு கைலாசத்தைத் தூக்கினார்கள். ரோசி ஜீப் வரை வந்தாள்.

"சார், ஜெயில் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிருங்க... இவருக்கு மருந்து ஒண்ணுதான் குடுத்திருக்கோம். கிருமிக்கான ஊசி இன்னும் போடவே இல்லே!"