ச்சியாவ் வெய் வந்திருக்கிறாள்

ஜோவிதா காரைக்காலில் வாடகைக்கு அறை பிடித்தது வசதிக்காக அல்ல, சிக்னலுக்காக. சொந்த ஊரான குரும்பகரத்து வீட்டில் மொட்டை மாடிக்கு ஓடினால்தான் போனில் ஒரு கோடு எட்டிப் பார்க்கும். அவள் படிப்பதோ சீனாவில், சீன மொழியும் பண்பாடும். முதல் பருவ விடுமுறைக்கு வந்தவளைக் கொரோனா ஊரிலேயே பூட்டிப் போட்டுவிட்டது. மூன்று வருடம் அந்த ஒரு கோட்டை நம்பி லேப்டாப்பிலேயே கல்லூரி நடந்தது. இப்போதுதான் கதவு திறக்கிறது. டிசம்பர் வாய்மொழித் தேர்வில் தேறுகிறவர்களை மட்டும் திரும்ப அழைப்பார்கள். தவறினால் உதவித்தொகையும் போச்சு, சீனாவும் போச்சு.

மழை விடாத ஒரு சாயங்காலம் பெட்டியோடு வந்து இறங்கினாள். பழைய காலத்து வீடு. ஆள் உயரத்துக்கு மேல் ஜன்னல்கள், சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்கள், ஈரச் சாக்கு நாற்றம். கீழே பத்ருன்னிசா அக்கா குடும்பம் இருந்தது. மாடியில் ஒரே அறை, அதை ஒட்டிக் கதவில்லாத ஒரு உள்ளறை. உள்ளறையில் விளக்குக்கு வயர் கூட இழுக்கவில்லை.

"முன்னாடி யாருக்கா இருந்தாங்க இங்க?"

"வந்தாங்க, போனாங்க. நெட்டு நல்லா வரும் புள்ள" என்று சாவியைக் கையில் திணித்துவிட்டு பத்ருன்னிசா இறங்கிப் போய்விட்டாள்.

சீனாவில் காலை எட்டு மணி வகுப்பென்றால் காரைக்காலில் ஐந்தரை. ஐப்பசி மழைக்காலத்தில் அது கும்மிருட்டு. லின் ஆசிரியை முதலில் வருகைப் பதிவு எடுப்பார். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு சீனப் பெயர் வைப்பது வழக்கம். இவளுக்கு வைத்தது ச்சியாவ் வெய். கூப்பிட்டதும் 'தாவ்' என்று சொல்ல வேண்டும். வந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

நம்ம ஊர்ப் பிள்ளை தப்புச் செய்தது இங்கேதான். பேய் மூன்று தடவை கூப்பிடாது, அதனால் இருட்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குத்தான் வாய் திறக்க வேண்டும் என்று அம்மா சகாயம்மாள் சின்ன வயதிலிருந்தே பழக்கி வைத்திருந்தாள். மூன்று வருடமாக வீட்டு மாடியில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வகுப்பு. இங்கே முதல் நாளே கரண்ட் போய்விட்டது. லேப்டாப் வெளிச்சம் முகத்தில் மட்டும் விழுந்தது. முதுகுக்குப் பின்னால் முழு இருட்டு.

"ச்சியாவ் வெய்."

பழக்கம் வாயைக் கட்டிவிட்டது. ஒரு நொடிதான்.

"தாவ்" என்றது உள்ளறை.

பெண் குரல். பல காலம் பேசாத தொண்டையின் கரகரப்பு. ஆசிரியை தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

மறுநாள் ஜோவிதா விளக்கைப் போட்டுவிட்டு முந்திக்கொள்ளப் பார்த்தாள். குரல் அவளுக்கு முன்னால் சொன்னது. வாரம் போகப் போகப் பாடத்தையும் பின்னாலேயே முணுமுணுக்க ஆரம்பித்தது. முதலில் தடுமாறிய உச்சரிப்பு நாளுக்கு நாள் திருந்தியது. ஈரச் சாக்கு நாற்றமும் நாற்காலிக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தது.

ஒரு நாள் ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "உன் பக்கத்தில் யார் பேசுவது? தேர்வன்று இன்னொரு குரல் கேட்டால் தேர்வு ரத்து."

கீழே போய்ச் சொன்னபோது பத்ருன்னிசா ஆச்சரியப்படவே இல்லை.

"இதோட மூணு பேரு காலி பண்ணிட்டாங்க. நீயும் போயிடு புள்ள."

"வேற எங்கக்கா போவேன்? பரீட்சைக்கு ரெண்டே நாள் இருக்கு. மூணு வருஷம் கோழி கூவறதுக்கு முன்ன எழுந்து படிச்சது நானு. போறதா இருந்தா அதுவே போவட்டும்."

தேர்வு நாள். மழை கொட்டியது. சொல்லி வைத்தாற்போல் அன்றும் கரண்ட் இல்லை.

"ச்சியாவ் வெய்."

"தாவ்."

குரல் காதோரத்தில் கேட்டது. கழுத்தில் குளிர்ந்த மூச்சு பட்டது.

"யார் அது?" ஆசிரியையின் விரல் அழைப்பைத் துண்டிக்கப் போனது.

ஜோவிதாவுக்குப் பயம்தான். ஆனால் பயத்தையும் மீறி ஆத்திரம் பொங்கியது. சட்டென்று இருட்டின் பக்கம் திரும்பினாள்.

"ஏய்! அந்தப் பேருதான வேணும் ஒனக்கு? எடுத்துக்க. பரீட்சை என்னுது. வாய மூடு."

திரையைப் பார்த்துச் சீனத்தில் சொன்னாள்: "ஆசிரியை, அந்தப் பெயர் என்னுடையது அல்ல. என் பெயர் ஜோவிதா மரியமுத்து. அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்."

"வருகைப் பதிவில் ச்சியாவ் வெய்தானே இருக்கிறாள்?"

"பாஸ்போர்ட்டில் நான்தான் இருக்கிறேன்."

துண்டிக்கப் போன விரலை எடுத்துவிட்டு ஆசிரியை காகிதங்களைப் புரட்டினார். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுத் தடுமாறி வாசித்தார். "ஜோ... வி... தா."

முதல் தடவைக்கே பதில் சொன்னாள்.

"தாவ்!"

கீழ் வீட்டில் பாத்திரம் உருண்டது. அப்படி ஒரு சத்தம்.

இருபது நிமிடம் கேள்விகள். கழுத்தில் மூச்சு பட்டுக்கொண்டே இருந்தது. பேச்சு மட்டும் இல்லை. கடைசிக் கேள்விக்கும் குரல் நடுங்காமல் பதில் சொல்லி முடித்தாள்.

ஜனவரியில் மெயில் வந்தது. தேறிவிட்டாள். விசாவுக்கான கடிதம், விடுதி அறை ஒதுக்கீடு எல்லாம் அதிலேயே இருந்தன. சந்தோஷத்தில் கத்தப் போனவள் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

அறை 412. முதல் கட்டில்: ஜோவிதா மரியமுத்து.

இரண்டாம் கட்டில்: ச்சியாவ் வெய். வருகை நூறு சதவீதம்.

அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். பிறகு எழுந்து துணிகளையெல்லாம் பெட்டிக்குள் திணித்து, மூடி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தாள்.

"வர்றதுன்னா வா" என்றாள், திரும்பாமல். "ஜன்னலோரக் கட்டில் எனக்கு."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு உள்ளறை இருட்டில், யாரோ ஒரு பெட்டியின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார்கள்.