ஓடைக்கரையில் ஒரு ஜீப் வரி

"வண்டியை நிறுத்துங்க!"

கெய்லின் மிதித்த மிதியில் ஜீப் குலுங்கி நின்றது. மணல் ஓடையின் விளிம்பில் கையை நீட்டி மறித்தபடி ஒருவன். மஞ்சள் சட்டை, செம்புழுதி அப்பிய முகம், அதில் இரண்டு சாம்பல் நிறக் கண்கள்... கோபத்திலும் இவ்வளவு அழகாக இருக்க இவனுக்கு யார் அனுமதி கொடுத்தது?

"வழி விடுங்க. ஆறு மணிக்கு மாவட்டக் கூட்டம்."

"போக முடியாது. தண்ணி வருது."

"எங்க வருது? வானத்துல ஒரு பொட்டு மேகம்கூட இல்ல!"

"மேல மலையில கொட்டுதே... இந்த யூட்டா பாலைவனத்துல பிறந்தவங்களுக்கு இதையுமா சொல்லித் தரணும்?"

சுருக்கென்று தைத்தது. "நீங்க யாரு?"

"டால்மேஜ். மீட்புக் குழு."

அட, அவனா! வாடகை வண்டிகளுக்கு வரி போடச் சொல்லி ஊரெல்லாம் கையெழுத்து வாங்கித் திரிகிறவன். கெய்லினின் அப்பா லவார், வாடகை ஜீப் கடை நடத்துகிறார். அந்த வரியை எதிர்த்துப் பேசத்தான் அவளே கிளம்பியிருந்தாள்.

"ஓ... எங்க பிழைப்புல மண்ணைப் போடற மகராசன் நீங்கதானா?"

"ஓ... கண்டவங்க கையில ஜீப்பைக் குடுத்து ஓடைக்குள்ள அனுப்பற மகராசி நீங்கதானா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அதற்குள் உறுமல் கேட்டது... செந்நிற வெள்ளம் மரக்கட்டைகளைப் புரட்டியபடி பாய்ந்து வந்தது. வளைவில் ஒரு வெள்ளை ஜீப் சிக்கி நின்றது. அதன் கூரைமேல் வெளியூர்த் தம்பதி. கதவில் அவள் அப்பா கடையின் பெயர்.

டால்மேஜ் கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை அவள் ஜீப்பில் சுற்றினான்.

"விடாம பிடிச்சுக்குவீங்களா?"

"கயிறு நைஞ்சு கிடக்கே!"

"புதுசு வாங்கத்தாங்க அந்த வரியே."

குதித்துவிட்டான். தண்ணீர் அவன் தலையை விழுங்கியபோது கெய்லினுக்கு உயிரே போய்விட்டது. ஐயோ, பேர் மட்டும்தானே தெரியும்... வந்துடு, வந்துடு!

வந்தான். இரண்டு பேரையும் கரை சேர்த்துவிட்டு, கயிறு அறுத்திருந்த அவள் உள்ளங்கையைப் பார்த்தான். தன் கைக்குட்டையால் மெல்லக் கட்டினான்.

"கூட்டத்துல இதைச் சொல்லுங்கன்னு கேட்க மாட்டேன். உங்க அப்பா உங்களுக்கு முக்கியம்."

அந்தச் சொல்லில்தான் அவள் விழுந்தாள்.

வெள்ளம் வடிந்ததும் இருவரும் தனித்தனியாகக் கூட்டத்துக்குப் போனார்கள். அங்கே கண்டிப்பான விதி ஒன்று உண்டு. பேசுகிறவர் முதலில், இதில் தனக்கு ஆதாயம் உண்டா, எதிர்த்தரப்பில் வேண்டியவர் உண்டா என்று சொல்லிவிட வேண்டும். டால்மேஜ் இரண்டுக்கும் இல்லை என்று சொல்லிப் பேசிவிட்டு, பின்சுவரில் சாய்ந்து நின்றான். அடுத்து கெய்லின். முன்வரிசையில் லவார் பெருமையாகத் தலையசைத்தார். இவரை எப்படி நோகடிப்பது?

விதியையே மறந்து பேச ஆரம்பித்தாள்.

"அப்பா பயப்படறது நியாயம்தான். வாடகை ஏறினா நாலு பேர் பக்கத்து மாவட்டத்துக்குப் போவாங்க. ஆனா இன்னிக்கு எங்க ஜீப்புல போன ரெண்டு பேர் செத்திருப்பாங்க. காப்பாத்தினது ஒரு நைஞ்ச கயிறு. காசு வாங்கறது நாங்க, உயிரைப் பணயம் வைக்கறது அவங்க. வரி போடுங்க."

லவாரின் முகம் சுண்டிப்போயிற்று.

"பொண்ணை விலைக்கு வாங்கிட்டாங்க!" யாரோ கத்தினார்கள்.

லவார் எழுந்தார். "என் பொண்ணை எவனும் வாங்க முடியாது! அவ சொன்னது எனக்குப் பிடிக்கல. ஆனா அவ பொய் சொல்ல மாட்டா."

கெய்லினின் கண்கள் நிறைந்தன. கூட்டத் தலைவி மார்வா மேசையைத் தட்டினார்.

"கெய்லின், விதியை மறந்துட்டே. ஆதாயம்?"

"ஜீப் கடை... எங்களுது."

"எதிர்த்தரப்புல வேண்டியவங்க?"

"யாரும் இல்ல," என்று முந்திக்கொண்டார் லவார்.

"இருக்காங்கப்பா..."

கெய்லின் பின்சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்குத்தான் பார்த்தேன். தண்ணிக்குள்ள அவரைக் காணோம்னதும் எனக்கு உலகமே இல்லாம போச்சு. அதோ, சுவரோரம் நிக்கறாரே... அவரைத்தான்."

லவார் பொத்தென்று உட்கார்ந்தார். மார்வா கண்ணாடியைத் தாழ்த்தினார். "டால்மேஜ், நீ யாரும் இல்லேன்னு சொன்னியே?"

காது மடல்வரை சிவந்து போயிருந்தான் அவன்.

"தப்பா சொல்லிட்டேன் மேடம். எனக்கும் இருக்காங்க... மாத்தி எழுதிக்குங்க."